உப்பளத்துக்கு ஒரு மூட்டை உப்பு

கொழும்பிலிருந்து தண்டையார்பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனவன் நான். போன இடத்தில் பெண்ணைப் பார்த்ததைவிட உப்பைப் பார்த்ததுதான் அதிகம்.

கொழும்புப் புறக்கோட்டையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் எனக்குப் பதினொரு வருட வேலை. பிறந்தது திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் சோறு போட்டது இலங்கைதான். சுதந்திரம் வந்த பிறகு இரண்டு நாடும் தனித்தனியாகச் சட்டம் போட்டுக்கொண்டதில், என்னைப் போன்றவர்கள் திரும்பும் தேதி போட்ட அனுமதிச் சீட்டு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டுதான் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. சனிக்கிழமை இரவுக்குள் அக்கரையில் தலைமன்னாரில் கால் வைக்காவிட்டால் என் சீட்டு வெறும் காகிதம். வேலை போகும், அறை போகும், அறையில் இருக்கும் டிரங்குப் பெட்டியும் சைக்கிளும் யாருக்கோ போகும். ஆகவே செவ்வாய்க்கிழமை வந்து, புதன்கிழமை பதில் வாங்கி, வெள்ளிக்கிழமை மாலை எழும்பூரில் ரயில் ஏறுவது என்று திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பெண்ணின் அப்பாவுக்குக் கர்த்தர் பழக்கம் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெண்ணின் அப்பா ஞானமுத்து எனக்குத் தூரத்து முறையில் மாமா. தண்டையார்பேட்டையில் உப்பு மண்டி வைத்திருந்தார். மனைவி இறந்து வெகுகாலம். வீட்டில் அவரும், ஒரே மகள் எஸ்தரும், வாசல் வரை அடுக்கிய மூட்டைகளும். செவ்வாய்க்கிழமை மதியம் டிராமிலிருந்து இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, தோல், எண்ணெய், மீன், மிளகாய் என்று ஒவ்வொரு கிடங்கும் தன் வாசனையோடு என்னை வழியனுப்பியது. கொழும்பிலும் கிடங்குகள் உண்டு. ஆனால் அங்கே மழை வந்து அடிக்கடி கழுவிவிடும். இங்கே போன வருடத்து வாசனையும் அப்படியே இருந்தது.

எஸ்தர் இரண்டாம் வகுப்பு டீச்சர். மாலையில் கையில் சுண்ணாம்புக் கட்டித் தூளோடு வந்தவள் நேராக அடுப்படிக்குப் போய் இறால் வறுத்து ரசம் வைத்தாள். அந்த இறாலைச் சாப்பிட்டதுமே எனக்குச் சம்மதம். கொழும்பில் பதினொரு வருடமாகப் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றவனிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? அவளைப் பார்த்ததும் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டை முன்னால் சொன்னது கூச்சத்தால்.

புதன்கிழமை காலை குடும்ப ஜெபம். ஒரு பாட்டு முடிந்து மூவரும் முழங்காலில் நின்றோம். மாமா கண்ணை மூடியவர் மூடியபடியே இருந்தார். கால் மணி நேரம் போனது. முழங்காலுக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் பேசித் தீர்க்க ஒன்றும் பாக்கியில்லை என்ற நிலைமையில் அவர் எழுந்தார்.

"தம்பி, உங்க விஷயத்துக்கு இன்னைக்குப் பதில் சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கர்த்தர் ஒரு வேலை சொல்லிட்டாரு."

"என்ன வேலை மாமா?"

"ஒரு மூட்டை உப்பைக் கொண்டுபோயி அத்திப்பட்டு உப்பளத்துல கொட்டிட்டு வரணுமாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அத்திப்பட்டு எண்ணூருக்கு வடக்கே இருக்கிறது. அவர் மண்டிக்கு வரும் மூட்டைகளில் பாதி அங்கே விளைந்தவைதான். "எதுக்காம்?" என்று கேட்டேன்.

"அதைச் சொல்லலியே."

"நீங்க கேக்கலியா?"

"நம்ம கடைப் பையன்கிட்ட ஒரு மூட்டையை இங்கேருந்து அங்கே வைன்னா, ஏன்னு கேப்பானா? கேட்டா வச்சிருப்போமா?"

சத்தம் ஏதாவது கேட்டதா என்றும் விசாரித்தேன். சத்தமெல்லாம் கிடையாதாம். மனசுக்குள் ஒரு வாக்கியம் வந்து உட்காருமாம். வேலை முடிகிற வரை எழுந்து போகாதாம். அந்த வேலையை முடிக்காமல் கல்யாணம் மாதிரி பெரிய காரியத்தில் வாயைத் திறக்க முடியாது என்று சொல்லிவிட்டு, ரயிலில் மூட்டையைப் போடலாமா என்று கேட்டுவரக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பார்சல் குமாஸ்தா "எங்கேயிருந்து எங்கே?" என்று மூன்று தடவை கேட்டார். அத்திப்பட்டிலிருந்து உப்பு வருவதற்குத்தான் அவர் புத்தகத்தில் பக்கம் இருந்தது. அங்கே உப்பு போவதற்கு மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்று ஜன்னலை மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எஸ்தரிடம் தனியாகக் கேட்டேன். "அப்பாவுக்கு இப்படி அடிக்கடி வருமா?"

"எப்பவாவதுதான். ஒரு தடவை கர்த்தர் அப்பாவை மீஞ்சூர் போயி ஒரு புளியமரத்தடியில ஒரு மணி நேரம் நின்னுட்டு வரச் சொன்னாரு. நானும் போனேன்."

"ஏதாவது நடந்துதா?"

"கால் வலிச்சுது" என்றாள்.

வியாழக்கிழமை விடிவதற்குள் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் நின்றோம். உப்புப் படகுகள் வடக்கேயிருந்து பாரத்தோடு வந்து இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும். அப்படித் திரும்பும் படகு ஒன்றில் இடம் கேட்டோம். படகுக்காரர் ஏழுமலை மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி மூட்டையைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? டெய்லி நான் அங்கேர்ந்து இஸ்துகினு வரேன். நீ இன்னாடான்னா திருப்பி எட்த்துகினு போறேன்ற. உப்பு கலீஜாயிட்ச்சா?"

"நல்ல உப்புதான். கர்த்தர் சொன்னாரு."

"யார் நைனா அது, சேட்டா?"

மாமா பொறுமையாக விளக்கினார். ஏழுமலை கடைசிவரை கேட்டுவிட்டு, "சாமி சொல்ச்சின்னா ஏறிக்கோ. நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்று கையைக் கொடுத்தார். கழி போடும் இன்னொருவர் தெலுங்குக்காரர். அவர் ஏழுமலையிடம் தெலுங்கில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன என்று மாமாவைக் கேட்டேன். அவருக்கு வியாபாரத்தில் வந்த தெலுங்கு உண்டு. "பெரியவருக்குப் புத்தி கலங்கியிருக்கு, கூட வந்தவனைப் பார்த்தா வைத்தியர் மாதிரி இருக்குன்னு சொல்லுதான்" என்று எந்த வருத்தமும் இல்லாமல் மொழிபெயர்த்தார்.

கால்வாய்ப் பயணம் சுகம்தான். அவசரம் உள்ளவன் மட்டும் அதில் ஏறக் கூடாது. திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. கரையில் எருமைகள் எங்களை முந்திக்கொண்டு போயின. பத்து மணிக்கு ஏழுமலை அடுப்பு மூட்டி மடவை மீன் குழம்பு வைத்தார். வாயில் வைத்தால் உப்பே இல்லை. கொண்டுவந்தது தீர்ந்துவிட்டதாம்.

"அதான் மூட்டை கீதே நைனா. ஒரு பிடி அள்ளு" என்றார்.

மாமா மறுத்துவிட்டார். "முழு மூட்டையைக் கொண்டுபோகச் சொன்னாரு. ஒரு பிடி குறைச்சுக் கொண்டுபோகச் சொல்லலை." ஒரு மூட்டை உப்பைச் சுற்றி உட்கார்ந்து நான்கு ஆண்கள் உப்பில்லாத குழம்பு தின்றோம். ஏழுமலைகூட மறுபடி மூட்டைப் பக்கம் கையை நீட்டவில்லை. பைத்தியத்துக்கும் ஓர் ஒழுங்கு இருந்தால் மனிதர்கள் மரியாதை கொடுத்துவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்ல வேண்டும். படகில் ஒரே ஒரு பலகைதான் நனையாமல் இருந்தது. மூட்டையை அதன்மேல் வைத்து என்னைக் காவல் வைத்துவிட்டு மாமா முன்பக்கம் போய் உட்கார்ந்தார். எனக்குத் தூக்கம். மூட்டையைக் கீழே உருட்டிவிட்டுப் பலகையில் நான் படுத்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது மூட்டை பாதியாக இருந்தது. படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் மீதி கரைந்துபோயிருந்தது. எந்த உப்பில் ஒரு பிடி அள்ள விட மாட்டேன் என்று அவர் சொன்னாரோ, அதில் பாதியை நான் தூங்கியே தீர்த்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் திரும்பிப்போய் வேறு மூட்டை கட்டுவார், ஒரு நாள் போகும், என் ரயிலும் போகும். எண்ணூரில் படகு கொஞ்ச நேரம் நின்றது. மற்றவர்கள் கரையில் தண்ணீர் குடிக்கப் போன சமயம், மூட்டையின் வாயை அவிழ்த்து, மேலே இருந்த காய்ந்த உப்பைத் துண்டில் அள்ளி வைத்துவிட்டு, உள்ளே கரை மணலைக் கொட்டி நிரப்பி, உப்பை மறுபடி மேலே போட்டுக் கட்டிவிட்டேன். எப்படியும் கொட்டப்போகிற மூட்டைதானே, கர்த்தர் எண்ணியா பார்க்கப்போகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உப்பளம் கண்ணைக் கூச வைத்தது. பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுவில் வீடு உயரத்துக்கு வெள்ளைக் குவியல்கள். நாங்கள் மூட்டையோடு வரப்பில் ஏறியதும் தடியோடு ஒரு காவல்காரர் ஓடிவந்தார்.

"ஏய், உப்பு எங்க எட்த்துகினு போறீங்க?"

"எடுத்துட்டுப் போகல. கொண்டு வாரோம்" என்றார் மாமா.

"யாருக்கு காது குத்தற? உப்பளத்துக்கு எவனாவது உப்பு கொண்டாருவானா? என்னப் பாத்ததும் திரும்பி நடந்து வர்ற!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உப்பளத்தில் மூட்டையோடு நிற்பவன் திருடன். அவன் முகம் எந்தப் பக்கம் பார்த்தாலும் திருடன்தான். எங்களைக் கொட்டகைக்கு இழுத்துப்போனார். அங்கே காக்கிச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் ஊரும் தொழிலும் விசாரித்துவிட்டு மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். மேலே இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முழங்கை வரை கையை உள்ளே விட்டார்.

கை வெளியே வந்தபோது மணலாக இருந்தது.

"உப்பு மண்டியா வச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரி மெதுவாக. "மேலே உப்பு, உள்ளே மணல். இதைத்தான் மெட்ராஸ்ல எல்லாரும் தின்னுகிட்டிருக்கோமா?"

உப்பு வியாபாரியை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. முப்பது வருடம் மணல் கலக்காத மனிதர் அங்கே நின்று அந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் திரும்பாததால்தான் எனக்கு வாய் திறந்தது. கர்த்தர் சொன்னது, நான் பெண் பார்க்க வந்தது, தூங்கியது, கரைந்தது, மணல் அள்ளியது, ரயில், சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகையும் வந்தது.

அதிகாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொண்டாரச் சொன்னது சாமி. மணல் போட்டது மாப்பிள்ளை. நான் எதுல எழுதறது?" என்று பேனாவை மூடிவைத்துவிட்டு எங்களை அனுப்பினார். மணலை மட்டும் அங்கே கொட்டக் கூடாது என்றார்.

மூட்டையை வெளியே கொட்டிவிட்டு, வெறும் சாக்கோடு சாயங்கால ரயிலில் திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மாமா, "நாளைக்குப் புது மூட்டை கட்டணும். நீங்க ஓய்வா இருந்துட்டுச் சாயங்காலம் ரயிலுக்குப் போங்க தம்பி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

எஸ்தருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சோறு போடும்போது, "நாளைக்கு நான் லீவு போட்டுட்டு அப்பாகூடப் போறேன்" என்றாள்.

"இதையெல்லாம் நீங்களும் நம்புதீங்களா?"

"உப்பு விஷயம் எனக்கும் புரியலை. அப்பாவைத் தனியா விட மனசு வரலை. அவ்வளவுதான்."

அதற்குமேல் நான் படுத்துக்கொண்டிருந்தால் மனிதனே இல்லை. பகலுக்குள் திரும்பி எழும்பூர் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை விடியலில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு நானே கிளம்பினேன். அதே படகு. ஏழுமலை என்னைப் பார்த்ததும், "இன்னா வைத்தியரே, வியாதி உனுக்கும் ஒட்டிகிச்சா?" என்றார். இந்தத் தடவை பலகையில் மூட்டை உட்கார்ந்தது. நான் தண்ணீரில் உட்கார்ந்தேன்.

எண்ணூர் உப்பங்கழியைத் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு தண்ணீர் வடிந்துபோய்ப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் ஏற இன்னும் நாலைந்து மணி நேரம் ஆகும் என்றார் ஏழுமலை. உச்சி வெயில். மேற்கே ரயில் நிலையம் தெரிந்தது. நடந்தால் அரை மணி, மதிய வண்டியைப் பிடிக்கலாம். சாயங்கால வண்டியில் போனால் எழும்பூர் ரயில் போய்விட்டிருக்கும். வடக்கே கரையோடு மூன்று மைல் போனால் உப்பளம்.

"தம்பி, நீங்க ஸ்டேஷனுக்குப் போங்க. உங்க காரியம் கெட்டுறக் கூடாது" என்றார் மாமா.

நான் பெட்டி கட்டி வைத்தவன். கிளம்பினேன். ஐம்பது அடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அறுபது வயது மனிதர் மூட்டையை முதுகில் ஏற்றப் பார்க்கிறார். அது சரிந்து விழுகிறது. மறுபடி ஏற்றுகிறார். மறுபடி விழுகிறது. உதவி கேட்டு அவர் யாரையும் கூப்பிடவில்லை. அவர்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அன்பால் திரும்பினேன் என்று சொன்னால் பொய். கோபத்தோடுதான் திரும்பிவந்தேன். ஏழுமலையிடம் மூங்கில் கழி ஒன்றை வாங்கி, மூட்டையை நடுவில் தொங்கவிட்டு, முன்னால் அவர், பின்னால் நானாகத் தூக்கினோம்.

"கழிய பத்ரமா கொண்டாந்துரு. அத்தையும் சாமி கேக்குதுன்னு குட்த்துடாதே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மூன்று மைல். நூறு அடிக்கு ஒரு தடவை இறக்கிவைத்தோம். தோளில் தோல் உரிந்தது. வியர்வை வழிந்து வாய்க்குள் போய்க் கரித்தது. நாங்களே கொஞ்சம் உப்பு விளைவித்தோம் என்று சொல்லலாம். தூரத்தில் மதிய வண்டி கூவிக்கொண்டு தெற்கே போனது. நின்று அதைப் பார்த்தேன். கொழும்பில் என் அறை, என் சைக்கிள், சாயங்காலம் கடற்கரையில் குடிக்கும் வெறுந்தேநீர் எல்லாம் அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. "தூக்குங்க மாமா" என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலுக்கு மேல். அதே காவல்காரர், அதே அதிகாரி. அதிகாரி கையை மூட்டையின் அடிவரை விட்டுத் துழாவினார். எல்லாம் உப்பு. புத்தகத்தைப் புரட்டினார். உப்பு வெளியே போவதற்கு இடம் இருந்தது, உள்ளே வருவதற்கு இல்லை. எங்கள் தோள்களைப் பார்த்தார். பிறகு நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "நான் பாக்கல. சீக்கிரம்" என்றார்.

மாமா ஒரு குவியலின் ஓரமாய் மூட்டையைக் கவிழ்த்தார். உப்பு சரிந்து உப்போடு சேர்ந்தது. இரண்டு மூச்சு விடுவதற்குள் எது எங்களுடையது என்று தெரியவில்லை. நான் சுற்றிலும் பார்த்தேன். ஏதாவது நடக்கும் என்று உள்ளூர எதிர்பார்த்திருக்கிறேன் போல. ஒன்றும் நடக்கவில்லை. காவல்காரர் கொட்டாவி விட்டார்.

மாமா சாக்கை உதறி நாலாக மடித்தார். அவர் முகத்தில் வேலை முடித்துச் சம்பளம் வாங்கியவனின் திருப்தி. அதைப் பார்த்ததும் எனக்குப் பொங்கிவிட்டது.

"மாமா, என் ரயில் போச்சு. நாளைக்குச் சீட்டும் போச்சு. பதினொரு வருஷம் போச்சு. இப்பவாவது பதிலைச் சொல்லுங்க. பெண்ணைக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் மடித்த சாக்கை வரப்பில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். "புதன்கிழமை மாட்டேன்னு சொல்லத்தான் இருந்தேன். எஸ்தர் செவ்வாய்க்கிழமை ராத்திரியே சொல்லிட்டா. ஆளைப் பிடிச்சிருக்காம். ஆனா என்னை விட்டுட்டுக் கடல் தாண்ட மாட்டாளாம். உங்களுக்கோ அங்கே வேலை. எப்படிச் சொல்லுறதுன்னு மனசு கஷ்டப்பட்டுத்தான் முழங்கால்ல நின்னேன். அப்பதான் இந்த உப்பு வந்துச்சு."

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இனி எனக்குத் தாண்டக் கடல் இல்லை. சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து அது அழுகையாக மாறியது. போன சைக்கிளுக்காக அழுதேனா, எஸ்தருக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அழுதேனா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது.

"அப்ப இதுக்குத்தான் உப்பா மாமா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அவரு சொல்லலை."

"கேட்டுப் பாருங்களேன்."

"நல்லாருக்கே கதை" என்று எழுந்தவர் கழியின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "எந்திரிங்க மாப்ளே. கழியைக் குடுக்கணும். ஏழுமலை காத்துக்கிட்டிருப்பான்."

திங்கட்கிழமை கொழும்பு முதலாளிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காய்ச்சல் என்று எழுதலாம், விபத்து என்று எழுதலாம். நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, ஐந்தாவது தாளில் உள்ளதை எழுதினேன்: உப்பளத்துக்கு ஒரு மூட்டை உப்பு கொண்டுபோக வேண்டியிருந்தது, அதனால் வர முடியவில்லை. பதினைந்தாம் நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. எதற்காக என்று மட்டும் கேட்டிருந்தார். கடிதத்தை எஸ்தரிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ‘அவர் அதைச் சொல்லவில்லை’ என்று எழுதி உறையை ஒட்டினேன்.